மூன்றாவது ஓநாயின் உயிர்

அக்கா தேநீரைக் கொண்டுவந்து என் முழங்கைக்குப் பக்கத்தில் வைத்தபோது, நான் காகிதத்தைக் கவிழ்த்து வைக்க மறந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நாங்கள் நான்கு பேர் ஆடும் ஆட்டம் அது. அக்கா, மாமா, என் நண்பன் பல்லு மூவரும் ஆளுக்கொரு வீரரைக் கற்பனையில் வைத்துக்கொண்டு, பகடை உருட்டி, நான் சொல்லும் காடுகளுக்குள் போவார்கள். வழிமறிக்கும் மிருகங்களை நடத்துவது நான். அவற்றின் உயிரும் பலமும் ஓர் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் என் காகிதத்தில் எண்களாக இருக்கும். என் இருபது முகப் பகடையும் அங்கேதான் உருளும். என்ன விழுந்தது என்று நான் சொல்கிறேனோ, அதுதான் விழுந்தது.

அன்று பாலத்தின் மேல் மூன்று ஓநாய்கள். மாமாவோடு மோதியதற்கு இருபது உயிர், அடிக்க அடிக்கக் கழித்து ஐந்தில் நின்றது. பல்லுவினுடையது எட்டில். அக்காவோடு மோதிய மூன்றாவதற்கு நேரே வெறும் கட்டம்.

"இதுக்கு எவ்ளோ உயிர்?"

"மனசுல வச்சிருக்கேன்க்கா."

அவள் அடியிலிருந்த பழைய தாள்களை உருவிப் பார்த்தாள். ஏழு வாரத் தாள்கள். ஏழிலும் அவளுக்கு எதிரே நின்ற எதற்கும் எண் இல்லை.

அக்கா பேருந்து ஓட்டுநர். நான்கு மாதங்களுக்கு முன்பு ஒரு திருப்பத்தில் சைக்கிள் ஒன்று குறுக்கே வர, பிரேக்கை ஓங்கி மிதித்தாள். சைக்கிளில் வந்த பெண் தப்பித்துவிட்டாள். பேருந்துக்குள் நின்றிருந்த பெரியவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. விசாரித்தவர்கள் அவள்மேல் தவறில்லை என்றார்கள். அவள்தான் நம்பவில்லை. அதன் பிறகு அவள் பேருந்தை எடுக்கவில்லை; சாலையைக் கடக்கக்கூட என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். ஆட்டத்துக்கு அவளை இழுத்து வந்தவன் நான். முதல் வாரம், கற்பனையான ஒரு கதவைத் திறப்பதா வேண்டாமா என்று கால்மணி நேரம் தவித்தாள். திறந்தாள். உள்ளே இருந்த சிலந்தியை ஒரே வெட்டில் சாக விட்டேன். வெகுநாள் கழித்து அவள் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். அதிலிருந்து, அவள் தளரும் நேரம் பார்த்து மிருகங்கள் செத்து விழுந்தன.

மறுநாள் காலை பணிமனையில் அவள் மீண்டும் ஓட்டிக் காட்ட வேண்டும். போன வாரம்தான் அதற்குக் கையெழுத்துப் போட்டாள். "ஏழு வாரமா நான் எடுத்த முடிவு ஒண்ணுகூட தப்பாப் போகலடா, கவனிச்சியா?" என்று தொலைபேசியில் கேட்டபோது, கவனித்தேன் என்றேன்.

"இவனுக்குக் கடைகடையாப் போய் தராசைச் சோதிச்சு முத்திரை குத்துற உத்தியோகம். ரெண்டு கிராம் குறைஞ்சா அந்தக் குதி குதிப்பான்," என்றார் மாமா, சூழ்நிலையை லேசாக்கப் பார்த்து.

பொய்ப்பல் செய்யும் பட்டறையில் வேலை பார்ப்பதால்தான் பல்லுவுக்கு அந்தப் பெயர். எதையும் சிரித்தே கடப்பவன், அன்று சிரிக்கவில்லை. "ரெண்டு வருஷமா வச்சிருந்த என் வீரன் போன மாசம் செத்தானே, அது?"

"அது சரியான கணக்குடா."

"எனக்குக் கணக்கு, அக்காவுக்குப் பாசம். நல்லாருக்குடா உன் தராசு."

அக்கா அட்டைத் தடுப்பை மடித்துக் கீழே வைத்தாள். "எழுது. மத்ததுக்குப் போட்ட இருபதையே போடு. இனிமே எல்லார் கண்ணு முன்னாடியும் உருட்டு."

"நாளைக்கு அது முடிஞ்சு வந்ததும் ஆடலாமேக்கா."

"நான் ஓட்டப்போறது ஆளுங்க இருக்கிற வண்டிடா. நான் எடுக்கிற முடிவு சரியா வருமான்னு எனக்கு இன்னிக்கே தெரியணும்."

"பகடையில என்ன தெரியும்?"

"ஏழு வாரமா அதுலதானே எனக்குத் தெரிய வச்ச?"

இருபது என்று எழுதி, அதுவரை அவள் அடித்த பதினொன்றைக் கழித்தேன். ஓநாய்க்கு மீதி ஒன்பது. அவளுடைய வீராங்கனைக்கு ஆறு.

"வேணும்னா பின்வாங்கலாம்க்கா. ஓநாய் பாலத்தைத் தாண்டி வராது."

அவள் எங்கள் மூவரையும் ஒருமுறை பார்த்தாள். "நிக்கிறேன்."

அவள் உருட்டியதில் இரண்டு விழுந்தது. வெட்டு படவில்லை. பிறகு நான் உருட்டினேன். பகடை மேசை நடுவில் சுற்றிச் சுற்றி நின்றது. பத்தொன்பது, கடி பட்டது. கடி எவ்வளவு என்று பார்க்க இன்னொரு பகடையை உருட்டினேன். ஏழு, அவளிடம் இருந்ததைவிட ஒன்று கூடுதல்.

"டேய், இந்த ஒரு தடவ..." என்று மாமா ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்க. செத்துட்டேனா?"

"ஆமாக்கா."

"பின்வாங்கியிருந்தா?"

பொய் சொல்ல எனக்கு இடமிருந்தது. "பொழச்சிருப்ப."

அவள் தன் வீராங்கனையின் தாளை நான்காக மடித்து, தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைத்தாள். "நீங்க ஆடுங்க. இன்னும் மூணு ஓநாய் நிக்குது."

நாளைக்குப் போகிறாயா என்று யாரும் கேட்கவில்லை. பல்லு என் முகத்தைப் பார்க்காமலேயே பகடையை மாமாவிடம் தள்ளினான். என் கையிலிருந்த பென்சில் நழுவி உருண்டது. எடுக்கக் குனிந்தேன். மேசைக்கடியில் அக்காவின் வெறும் வலது கால், விரல்கள் வெளுக்கும்படி தரையை அழுத்திக்கொண்டிருந்தது. விட்டது. மறுபடி அழுத்தியது. விட்டது. மறுபடியும், இந்த முறை மெல்ல, மிக மெல்ல.