ஆட்சேபணை இல்லை

பெங்களூர் காக்ஸ் டவுன் வீட்டை வாங்க வந்தவரின் வக்கீல் எல்லாக் காகிதங்களையும் புரட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில் ஒன்று கேட்டார்.

"உங்களுக்கு ஒரு அக்கா இருக்காங்களே மேடம், அவங்க எங்க?"

வீட்டை டாடி ஜோவிதா பேருக்குத்தான் உயில் எழுதியிருந்தார். ஆஞ்சலா என்ற பெயரே அதில் கிடையாது. இருந்தாலும் நாளைக்கு அந்த அம்மாள் கேஸ் போட்டால் யார் அலைவது, ஆட்சேபணை இல்லையென்று ஒரு கையெழுத்து வாங்கி வந்துவிடுங்கள் என்று வக்கீல் முடிவாகச் சொல்லிவிட்டார்.

ஆஞ்சலா வீட்டை விட்டுப் போய் இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. கூட வேலை பார்த்த கோவிந்த கௌடாவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போனாள். அந்த மாதம் ஜோவிதாவுக்கு ஏறக்குறைய முடிந்திருந்த சம்பந்தம், 'மூத்தவளே இப்படின்னா...' என்று இழுத்து, அப்படியே நின்றுபோனது. பிறகு அவளுக்குக் கல்யாணம் நடந்தபோது வயது முப்பத்தைந்து. அதுவரைக்கும் பள்ளிக்கூட வேலை, டாடியின் சர்க்கரை, மம்மியின் நெஞ்சு வலி எல்லாம் அவள் ஒருத்தி தலையில்தான் விடிந்தது. ஆஞ்சலா எங்கேயோ மலைமேல் சுகமாக இருக்கிறாள் என்ற எரிச்சல் மட்டும் ஒருநாளும் ஆறவில்லை.

ஜோவிதாவின் கணவன் ஜாய்சன்தான் தேடிக் கண்டுபிடித்தான். சக்லேஷ்பூருக்கு மேலே நாலு ஏக்கர் காப்பித் தோட்டம். விருந்தாளிகள் வந்து தங்கலாம் என்று படங்களோடு போட்டிருந்தார்கள்.

"இதப் பாரு, அப்படியே உன் மூக்கு," என்றான், ஒரு படத்தில் நின்ற பெண்ணைக் காட்டி. "என் பேர்ல புக் பண்றேன். டூரிஸ்ட் மாதிரி போவோம். ரெண்டு நாள் தங்கி நல்லவிதமா பேசினா வேலை முடிஞ்சிரும்."

அக்காவைப் பார்க்கத்தான் போகிறோம் என்று ஜோவிதா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காகிதத்தைக் கைப்பையின் உள்பக்க ஜிப்பில் வைத்து மூடினாள்.

கடைசி மூன்று கிலோமீட்டருக்குக் கார் ஏறவில்லை. கோவிந்த கௌடா ஜீப்போடு கீழே வந்து காத்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. ஜோவிதாவை ஒருமுறை உற்றுப் பார்த்தார், பெட்டிகளை எடுத்து வைத்தார், வண்டியைக் கிளப்பினார்.

வீட்டு வாசலில் காப்பித் தட்டோடு நின்றாள் ஆஞ்சலா. காலில் ரப்பர் பூட்ஸ், புடவைமேல் ஆண்பிள்ளைச் சட்டை. அவளும் பார்த்தாள். தட்டு ஆடவில்லை.

"வாங்க மேடம். ரோடு ரொம்ப கஷ்டமா இருந்துச்சா?"

மேடம். ஜோவிதா டம்ளரை எடுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் நாலு மணிக்குத் தோட்டம் சுற்றிக் காட்டினாள் ஆஞ்சலா. பெங்களூரிலிருந்து வந்திருந்த ஓர் ஐ.டி. தம்பதியும் கூட இருந்தார்கள். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருந்தது, அவற்றின் நிழலில் இடுப்பளவு காப்பிச் செடிகள். ஒரு சிவப்புப் பழத்தைக் கிள்ளி நசுக்கி, உள்ளே ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு கொட்டைகளைக் காட்டினாள்.

"தோலைச் சும்மா சப்பிப் பாருங்க, இனிப்பா இருக்கும். காப்பி கசப்புங்கறது வறுத்த அப்புறம்தான்."

விருந்தாளிகளுக்கு வழக்கமாகச் சொல்கிற வசனம் என்பது தெரிந்தது. எல்லோரும் சப்பினார்கள். ஜோவிதா மட்டும் பழத்தை உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு நடந்தாள்.

"நீங்க தமிழ் இவ்வளவு நல்லா பேசறீங்களே, எந்த ஊரு?" என்று அந்த இளம் மனைவி கேட்டாள்.

"பெங்களூருதாம்மா. காக்ஸ் டவுன்."

"அங்க உங்க ஆளுங்க இருக்காங்களா?"

"இல்ல. அங்க யாரும் இல்ல," என்று சொல்லிவிட்டு ஆஞ்சலா முன்னால் நடந்தாள். "சொல்ப பாத்து, மெதுவா வாங்க, அட்டை இருக்கும்."

ஜாய்சன் மனைவியின் முழங்கையை இடித்தான். இப்போதே பேசு என்று அர்த்தம். அவள் நகர்ந்துகொண்டாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவள் தனியாகக் களத்துக்குப் போனாள். சிமெண்டுத் தரையில் காப்பிக்கொட்டை பரத்தியிருந்தது. மரப்பலகை கட்டிய நீளக் கோலால் ஆஞ்சலா அதைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள். நிமிராமலே பேசினாள்.

"பேப்பரை எடு."

"என்ன பேப்பர்?"

"இங்க நோட்டரி எங்க இருக்காருன்னு உன் புருஷன் நேத்தே இவர்கிட்ட கேட்டாச்சு. எடு."

ஜோவிதாவின் முகம் சுருங்கிப்போனது. பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஆஞ்சலா கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ஒரு வரி விடாமல் படித்தாள்.

"டாடி எனக்குக் குடுக்கலன்னு வருத்தமில்ல. அவர் அப்படித்தான்னு தெரியும். ஆனா ஒண்ணு கேக்கறேன், நிஜத்தைச் சொல்லு. மம்மி கடைசியில என்னைக் கேட்டாங்களா?"

ஆறு வருஷத்துக்கு முன்னால், மம்மி ஆஸ்பத்திரியில் கிடந்தது பதினோரு நாள். தினமும் கண் விழித்ததும் முதல் வார்த்தை அதுதான், "ஆஞ்சி வந்தாளா?" ஆஞ்சலாவின் நம்பர் ஜோவிதாவிடம் இருந்தது, ஜாய்சனிடம்கூட அவள் அதைச் சொன்னதில்லை. அதற்கு முந்தின கிறிஸ்துமஸ் கார்டின் கீழே அக்காவே எழுதியிருந்தாள். ஒருநாள் ஆஸ்பத்திரி மாடிப்படியில் நின்று அந்த எண்ணை அழுத்தி, மணி அடிப்பதற்குள் துண்டித்தாள் ஜோவிதா. இத்தனை வருஷம் மூத்திரச் சட்டி எடுத்தது நான், கடைசி நேரத்தில் வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுவது அவளா என்று இருந்தது. எட்டாம் நாள் மம்மியிடம், "சொல்லிட்டேன் மம்மி, வர முடியாதாம்," என்றாள். மம்மி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அப்புறம் கேட்கவில்லை. அடக்கம் முடிந்து நாலு மாதம் கழித்துத்தான் வேறு யாரோ சொல்லி ஆஞ்சலாவுக்கு விஷயமே தெரிந்தது.

இதையெல்லாம் சொல்லிவிடத்தான் வந்தோமோ என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் ஆஞ்சலாவின் கையில் காகிதம் இருந்தது. அதைவிட, சொன்ன பிறகு அந்த முகம் எப்படி மாறும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

"இல்லக்கா," என்றாள். அக்கா என்ற வார்த்தை அவள் வாயில் வந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. "கடைசியில நினைவே இல்ல."

"அதுக்கு முன்னாடி?"

"கேக்கல."

"ஒரு தடவை கூட?"

"இல்லக்கா."

ஆஞ்சலா களத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோழி ஒன்று கொட்டைமேல் ஏறி நடந்தது. வழக்கமாக விரட்டியிருப்பாள் போலிருக்கிறது, அன்றைக்கு விரட்டவில்லை.

"பேனா குடு," என்றாள்.

திண்டில் காகிதத்தை வைத்து, 'ஆஞ்சலா தியோடர்' என்று பழைய பெயரில் கையெழுத்துப் போட்டாள். அன்று மதியமே சக்லேஷ்பூருக்கு அவர்களுடைய காரிலேயே வந்து, நோட்டரிக்கு முன்னால் இன்னொரு தடவையும் போட்டாள். வழியில் ஜாய்சன் யானைத் தொல்லை பற்றியும் மழை பற்றியும் ஏதேதோ கேட்டுவந்தான். எல்லாவற்றுக்கும் ஆஞ்சலா ம் என்றாள். நோட்டரி ஆபீஸ் படி இறங்கும்போது ஜோவிதா அவள் கையைப் பிடிக்கப் போனாள். அதற்குள் ஆஞ்சலா சாலையைக் கடந்து, அந்தப் பக்கம் கோவிந்த கௌடா காத்திருந்த ஜீப்பில் ஏறிவிட்டாள்.

"பரவால்ல, தங்கமான மனுஷி. ஒரு வார்த்தை பேரம் பேசல," என்றான் ஜாய்சன்.

பதிவு முடியட்டும், அடுத்த நிமிஷமே போன் செய்து உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று ஜோவிதா முடிவு செய்துகொண்டாள். காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். மூன்று வாரம் அந்த எண்ணத்தோடுதான் தூங்கினாள். பதிவு முடிந்த அன்று சாயங்காலம், காலியாகிவிட்ட வீட்டின் சமையலறையில் நின்று அந்த எண்ணை அழைத்தாள்.

கோவிந்த கௌடா எடுத்தார். கன்னடம் கலந்த அவருடைய தமிழ் மெதுவாக வந்தது.

"அவ பேசமாட்டாளாம்மா. நா கேட்டுப் பாத்தேன்."

"ஒரே ஒரு நிமிஷம் குடுங்களேன்."

"வேண்டாம்மா," என்றார். "அத்தையோட, உங்க மம்மியோட போட்டோ ஒண்ணு ஹால்ல இருந்துச்சு. ஆறு வருஷமா தினம் பூ வெப்பா. நீங்க போன அன்னிக்கே கழட்டி பீரோல போட்டுட்டா. அடுத்த வாரம் வருஷப் பூசைக்குச் சர்ச்சுல சொல்லியிருந்தா, அதையும் பேடா, வேண்டாம்னு சொல்லிட்டா. ஏன்னு கேட்டா, என்னைத் தேடாதவங்கள நா எதுக்குத் தேடணும்கறா. நீங்க அவகிட்ட என்னம்மா சொன்னீங்க?"

ஜோவிதா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கூடத்தில் ஜாய்சன் புது வீட்டுக்காரரிடம் சாவிகளை ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டிருந்தான்.

"ஒண்ணும் சொல்லலியே," என்றாள்.

"ஆய்து, சரிம்மா, வெக்கிறேன்," என்றார் அவர்.

அதற்குப் பிறகு அந்த எண்ணை அவள் அழைக்கவில்லை.