ஏழாம் பங்கேற்பாளர்

1

ஆய்வேட்டைத் திருப்பித் தரச் சொல்லி அலுவலக மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தாள் மாணவி. மணி நாலே முக்கால். ஐந்து மணிக்கு அது துறையின் இணையதளத்தில் ஏறிவிடும்.

(‘அன்று வானம் இருண்டு...’ என்றுதான் முதலில் தொடங்கினேன். அடித்துவிட்டேன். கால்மணி நேரக் கதையில் வானத்துக்கு என்ன வேலை? ஒப்புக்கொள்கிறேன், இது நடந்த கதை. அந்த மேஜையருகேதான் எனக்குக் கிடைத்தது.)

2

முதுகலை, ஊடகமும் இணையப் பண்பாடும். வீட்டைவிட்டு வெளியேற நினைக்கும் பெண்கள் இணைய மன்றமொன்றில் புனைபெயரில் எழுதுவதை ஆராய்ந்திருந்தாள். புனைபெயர்களையும் மறைத்து எண் கொடுத்தாள். படங்களை மங்கலாக்கினாள். வாக்கியங்களை மட்டும் எழுத்துப் பிசகாமல் எடுத்துப் போட்டாள்.

மதியம் தோழி ஒருத்தி விளையாட்டாக ஒரு வரியைத் தேடலில் இட்டாள். ஏழாம் பங்கேற்பாளரின் கணக்கு அப்படியே வந்து நின்றது: சமையலறை ஜன்னல் படம், கிளம்பப்போகும் தேதி உட்பட. ஆயிரம் பேருக்கு நடுவே ஒளிந்திருந்தவளை ஆய்வேடு விளக்குப் போட்டுக் காட்டியிருந்தது. ‘இதே ஊர், அலுவலக ஊழியர்’ என்று அடைமொழி வேறு.

3

வழிகாட்டியின் கையெழுத்தில்லாமல் திருப்பித் தர முடியாது என்றார் எழுத்தர். வழிகாட்டியோ, ஒரு வருஷம் வீணாகும், யோசி என்று ஃபோனை வைத்துவிட்டாராம்.

“வருஷம் போனா போகட்டும்க்கா. அவங்க வீட்டுக்காரர் கண்ணுல பட்டா அவங்க கதை முடிஞ்சுது.”

“எந்தப் பக்கம்?”

“அறுபத்திமூணு.”

எழுத்தர் படித்தார். ஏட்டை மூடினார். பதிவேற்றப் பட்டியலிலிருந்து அதை நீக்கினார்.

“போ. அடுத்த தடவ அவங்க சொன்னத உன் வார்த்தையில எழுது.”

4

இந்த எழுத்தர்தான் எனக்குச் சிக்கல். இருபது வருஷம் விதி பிசகாதவர் ஏன் வளைந்தார்? ‘அவருக்கும் ஒரு தங்கை இருந்...’ வேண்டாம், கண்ணீர் மலிவு. ‘மாணவி லஞ்ச...’ சீ.

5

அறுபத்திமூன்றாம் பக்கத்து வரியை இங்கே தேடாதீர்கள், தரமாட்டேன்.* ஏழாமவள் அந்தத் தேதியில் கிளம்பினாளா என்பதை நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள். எழுத்தர் ஏன் வளைந்தார் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அந்த வரியை எழுதியது நான். அந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததும் நான்தான்.

*கிளம்பும் தேதியையும் மாற்றிவிட்டேன்.