பாரம் ஏறினால் போகும் ஃபியூஸ்

மூன்றாவது நாளாக உமாராணியின் ஆம்னி வேன் வாசலிலேயே நிறுத்தப்பட்டது. துறைமுகச் சாலையிலுள்ள அந்தச் சரக்குப் பெட்டக முற்றத்துக்குள் எந்த வண்டி நுழைவதானாலும், ஹாரனையும் பிரேக் விளக்கையும் சோதித்த பிறகே பாதுகாப்புப் பொறுப்பாளர் லிங்கராஜ் தடுப்புக் கம்பத்தை உயர்த்தச் சொல்வார். உள்ளே அறுபது தொழிலாளர்கள் அவள் கொண்டுவரும் மதியச் சாப்பாட்டுக்குக் காத்திருந்தார்கள்.

"பிரேக்க மிதிங்க."

மிதித்தாள்.

"எரியல. ஹாரன அடிங்க."

ஹாரனும் ஒலிக்கவில்லை. இரண்டுக்கும் அந்த வண்டியில் ஒரே ஃபியூஸ். அது மறுபடியும் போயிருந்தது.

"அண்ணாச்சி, காலையில மாப்பிள்ளையூரணியில பாக்கையில ரெண்டும் நல்லாத்தான் இருந்துச்சு."

"நேத்தும் இதத்தான் சொன்னீங்க, முந்தாநாளும் இதத்தான் சொன்னீங்க. டிரெய்லர் முன்னும் பின்னும் ஓடுத எடம்மா இது. நீங்க நிக்கது பின்னால வாரவனுக்குத் தெரியாண்டாமா?" லிங்கராஜ் குரலைத் தாழ்த்தினார். "இன்னைக்கும் அண்டாவ எறக்கித் தூக்கிட்டுப் போங்க. நாளைக்கும் இப்படி வந்தா வேற ஆள் சாப்பாடு கொண்டாருவாங்க. மேல பேசி முடிச்சுட்டாங்க."

அண்டாக்களை உமாராணியும் அவளோடு சேர்ந்து சமைக்கும் பிரேமாவும் வெயிலில் ஆளுக்கொரு காதைப் பிடித்துச் சுமந்தார்கள். அந்த முற்றத்தைத் தவிர இருவருக்கும் வேறு வாடிக்கை கிடையாது. அது போனால் அடுப்பை அணைத்துவிட வேண்டியதுதான்.

ஏற்கெனவே இரண்டு கடைகளில் வண்டியைக் காட்டியாகிவிட்டது. இரண்டிலும் புது ஃபியூஸைச் சொருகிப் பத்து முறை பிரேக்கை மிதித்துப் பார்த்தார்கள். பத்து முறையும் விளக்கு எரிந்தது. பதினைந்து ஆம்பியருக்குப் பதில் முப்பது போட்டுக்கொள்ளச் சொன்னார் ஒருவர். பதினைந்து வருட வண்டிக்கு ஒரு செம்புக் கம்பியை முறுக்கிச் சொருகினாலே போதும் என்றார் மற்றவர். உமாராணி இரண்டையும் ஏற்கவில்லை. மின்சாரம் எங்கோ வழிதவறி ஓடுகிறது. அதைத்தான் ஃபியூஸ் தன்னை எரித்துக்கொண்டு தெரிவிக்கிறது. தெரிவிப்பதன் வாயை அடைத்துவிட்டால் அடுத்து எரிவது வயராக இருக்கும் என்று அவளுக்குத் தெளிவாகப் பட்டது.

அன்று பிற்பகல் பாத்திரங்களைக் கழுவியதும் அவள் வேலையைத் தொடங்கினாள். மெக்கானிக் ஒருவர் செய்துகாட்டிய முறையைக் கைப்பேசியில் மூன்று தடவை பார்த்து வைத்திருந்தாள். பின்பக்கத்து பிரேக் பல்புகள் இரண்டையும் கழற்றினாள். அவற்றில் ஒன்றோடு இரு வயர்களைப் பிணைத்து, ஃபியூஸ் இருந்த இடத்தில் அந்த வயர்களின் மறுமுனைகளைச் சொருகினாள். பின்னால் பல்பு இல்லாததால் பிரேக்கை மிதித்தாலும் மின்சாரம் போக வழியில்லை. சொருகிய பல்பு எரியக் கூடாது. எரிந்தால், ஏதோ ஒரு வயர் வண்டியின் இரும்பைத் தொடுகிறது என்று பொருள்.

பிரேமா வீட்டுக்குள்ளிருந்து கேட்டாள். "மயினி, சாம்பார்க் கரண்டி எங்க?"

"பிரேக்குல இருக்கு."

நீண்ட காம்புள்ள அந்தக் கரண்டி, பெடலுக்கும் இருக்கைக்கும் நடுவே முட்டுக்கொடுக்கப்பட்டிருந்தது. பல்பு எரியவில்லை. டாஷ்போர்டின் கீழே கையை விட்டு வயர்க்கட்டை உலுக்கினாள். கதவுகளை ஓங்கிச் சாத்தினாள். பின்பகுதியை இருவருமாக ஆட்டினார்கள். பல்பு அப்படியே இருண்டு கிடந்தது.

"நம்மகிட்ட என்ன சாதுவா நிக்கு பாருங்க" என்றாள் பிரேமா. "லிங்கராஜ் அண்ணாச்சி மூஞ்சியக் கண்டாத்தான் அதுக்கு வயித்தக் கலக்கும்போல."

உமாராணி சிரிக்கவில்லை. "ஏளா, கடையில பாக்கையில வண்டிக்குள்ள என்ன இருந்துச்சு?"

"என்ன இருந்துச்சு? ஒண்ணுமில்ல."

"வாசல்ல நிக்கையில?"

பிரேமா, கவிழ்த்து வைத்திருந்த அண்டாக்களைப் பார்த்தாள்.

பின்னிருக்கையைக் கழற்றிவிட்டு அங்கே பலகை போட்டிருந்தார்கள். தினமும் வைக்கும் இடங்களிலேயே அண்டாக்களை வைத்துக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். குழம்பு அண்டா நிரம்பியது, பல்பு எரியவில்லை. ரசப் பாத்திரம் நிரம்பியது, எரியவில்லை. வலது ஓரத்துச் சோற்று அண்டாவில் பாதிக்கு மேல் தண்ணீர் ஏறியபோது பலகை மெல்ல முனகியது. டாஷ்போர்டின் கீழே தொங்கிய பல்பு பளீரென்று எரிந்தது.

"தூக்கு" என்றாள் உமாராணி.

தூக்கினார்கள், அணைந்தது. இறக்கினார்கள், எரிந்தது. ஐந்து முறை செய்து பார்த்த பிறகே, இது தற்செயலல்ல என்று ஒப்புக்கொண்டாள்.

பலகையையும் விரிப்பையும் அகற்றியபோது, தரைத் தகட்டின் மேட்டில் கரும்புள்ளி ஒன்று தெரிந்தது. அதற்கு நேர் மேலே, நாளடைவில் தொய்ந்து இறங்கிய ஒரு வயர் இணைப்பு. செம்பிழைகளைத் தங்கூஸ் என்னும் மீன்வலை நைலான் நூலால் இறுகக் கட்டி, கிரீஸ் தடவி, மேலே எதுவும் சுற்றாமல் விட்டிருந்தார்கள். அந்த முடிச்சு யாருடையது என்று அவளுக்குக் கேட்காமலே தெரிந்தது.

தருவைகுளத்து ஜோன்ஸ், மீன்பிடி வள்ளங்களுக்கு விளக்கும் ஜிபிஎஸ் கருவியும் பொருத்துகிறவன். உப்புக்காற்றில் பழைய வயர் இற்றுப்போனபோது, நான்கு மாதங்களுக்கு முன் புது வயர் இழுத்துக் கொடுத்தவன் அவன்தான். போன் செய்த அரை மணி நேரத்தில் வந்து நின்றான்.

"என் ஜாயிண்டாக்கா? வருசக்கணக்கா கடல்ல கெடக்க வள்ளத்துல ஒண்ணுகூட விட்டதில்ல."

"டேப் ஏன்டே சுத்தல?"

"சுத்துனா உப்புத்தண்ணி உள்ள போயி ஒக்காந்துக்கிடும். பச்சை பூத்துச் செம்பத் தின்னுரும். தொறந்து கெடந்தா காஞ்சிரும்லா? எல்லா வள்ளத்துலயும் அப்படித்தான் போடுதேன்."

"வள்ளத்துல அது எதுமேல கெடக்கும்?"

"ஃபைபர் மேல."

"இங்கன?"

ஜோன்ஸ் குனிந்து தரையை விரல்முட்டியால் தட்டினான். தகடு கணகணத்தது. வள்ளத்தில் போகும் மின்சாரத்துக்கு ஒரு வயர், திரும்பும் மின்சாரத்துக்கு இன்னொரு வயர். இடையில் வள்ளத்தின் உடம்பு எதையும் கடத்தாது. காரிலோ திரும்பும் வழி வண்டியின் உடம்பேதான்.

"தெரியாம இல்லக்கா" என்றான். "பேட்டரி நெகட்டிவ பாடியில முறுக்கினதே நாந்தான். கை மட்டும் வள்ளத்து வேலையப் பாத்துட்டுது."

"ஒன் கை கடல்லயே நிக்கட்டும், நீ மட்டும் கரைக்கு வா" என்றாள் பிரேமா.

பையிலிருந்து டேப்பை எடுத்தவனை உமாராணி தடுத்தாள். "மொத்தம் எத்தன ஜாயிண்ட் போட்ட?"

"ஏழு."

"ஏழையும் தொற."

"மத்தது தரையில படாதுக்கா."

"இதுவும் படாதுன்னுதான போட்ட?"

அவன் டேப்பைப் பைக்குள் திருப்பிப் போட்டான். சக்கர வளைவுக்கு மேலிருந்த நான்காவது இணைப்பு தகட்டிலிருந்து ஒரு நூலிழை தள்ளி நின்றது. தங்கூஸ் ஏற்கெனவே தேய்ந்திருந்தது. அதைக் கண்டபின் மிச்சத்தை ஜோன்ஸ் தானாகவே திறந்தான். ஏழு இணைப்புகளையும் ஈயத்தால் பற்றவைத்து, சூடு காட்டினால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும் ரப்பர் குழலை மாட்டி, தரையைத் தொடாதபடி உயர்த்திக் கட்டினான். பிறகு மூன்று அண்டாத் தண்ணீரோடு அவனும் பிரேமாவும் பின்னால் ஏறி உட்கார, உமாராணி குண்டும் குழியுமான தெருவில் பிரேக் பிடித்துப் பிடித்து ஓட்டினாள். ஜோன்ஸின் சட்டை முழுவதும் நனைந்தது. டாஷ்போர்டின் கீழே தொங்கிய பல்பு ஒரு முறைகூட எரியவில்லை. அதன் பிறகே பிரேக் பல்புகளைப் பின்னால் மாட்டிவிட்டு, பதினைந்து ஆம்பியர் ஃபியூஸை எடுத்துச் சொருகினாள்.

மறுநாள் நண்பகலில் முற்றத்து வாசலில் ஒரு சரக்கு ஆட்டோ முன்கூட்டியே வந்து நின்றது. அதில் மூடி போட்ட பாத்திரங்கள். ஓட்டிவந்தவர் உமாராணியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பிரேக்க மிதிங்க" என்றார் லிங்கராஜ்.

பின்னால் சென்று பார்த்தார். "விடுங்க. மறுபடி மிதிங்க." ஹாரனை அடிக்கச் சொன்னார். அவருக்குத் திருப்தி வரவில்லை. "அந்த வேகத்தடையில ஏத்தி எறக்கிட்டு வாங்க, பாப்போம்."

சோறும் குழம்புமாக நிறைந்த வண்டி தடையில் ஏறி, கனத்துடன் இறங்கித் திரும்பி வந்தது. மூன்றாம் முறையும் அவர் பின்னால் போனார். சிவப்பு விளக்குகள் இரண்டும் எரிந்துகொண்டிருந்தன. லிங்கராஜ் ஆட்டோக்காரரிடம் நடந்துபோய் ஏதோ சொன்னார். அவர் இறங்கி, பாத்திரங்களைக் கட்டியிருந்த கயிற்றை இழுத்து இறுக்கினார். அவரும் விடியுமுன்னே எழுந்துதான் சமைத்திருப்பார் என்ற நினைப்பு உமாராணிக்கு வந்தது. ஆனால் அவள் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.

லிங்கராஜ் ஜன்னலோரம் வந்தார். "இனிமே போவாதுல்லா?"

"போனா எதனாலன்னு பாக்கத் தெரியும், அண்ணாச்சி."

அவர் கையைக் காட்டினார். கம்பம் உயர்ந்தது. தூரத்துக் கொட்டகையில் ஆட்கள் கை கழுவி வரிசையில் நிற்பது தெரிந்தது.

"ரசம் ஆறுது, மயினி" என்றாள் பிரேமா. "மிதிங்க. பிரேக்க இல்ல."