சேதுக்கரையில் இன்னொரு டேக்

1

இந்தக் கதையை நான் யோசித்து உண்டாக்கவில்லை. பாம்பனில் மைக்செட் கடை வைத்திருக்கும் வேதமுத்து சொன்னது. சொல்லிவிட்டு, "எழுதுறதுன்னா எழுதிக்கிருங்க. முடிவை மட்டும் என்கிட்டக் கேக்காதீக" என்று ஷட்டரை இறக்கிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து இதோடு மல்லுக்கட்டி எனக்கு அலுத்துவிட்டது. விடவும் மனமில்லை.

2

'வைகை வறண்டு கிடந்தது' என்று ஆரம்பித்தேன். எல்லோரும் எழுதிய வரி. அடித்துவிட்டேன்.

'1989 ஆடி அமாவாசையன்று சேதுக்கரையில் கடல்'

கடல் என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. கடலை விடுங்கள்.

ஆற்றில் புனித நீராடும் திருவிழாவைப் பற்றி ஓர் ஆவணப்படம். வைகைக் கரையோரமாகவே வந்த படக்குழுவுக்கு ராமநாதபுரம் வரை கால் நனையத் தண்ணீர் கிடைக்கவில்லை. இயக்குநர் ஆற்றைக் கைகழுவிவிட்டு, கூட்டம் போன பக்கம், சேதுக்கரைக் கடலுக்குப் போனார். அப்போது வேதமுத்துதான் ஒலிப்பதிவாளர். தோளில் டேப் ரெக்கார்டர், காதில் ஹெட்போன், கையில் நீள மைக்.

(வேதமுத்துவின் அண்ணன் சந்தனம் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை என்று இங்கே ஒரு வரி இருந்தது. நிஜம்தான். ஆனாலும் கதையை இழுத்துக் கட்டுவதாகத் தோன்றுகிறது. எடுத்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.)

3

பூமயில் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. முதல் பிரதியில் அழவைத்தேன். அந்தம்மா அழவே இல்லை என்றார் வேதமுத்து.

நயினார்கோவில் பக்கம் விவசாயக் குடும்பம். புருஷன் தலைமன்னார்க் கப்பலேறி இலங்கைக்குப் பிழைக்கப் போனவர். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பின் கடிதம் இல்லை. அங்கிருந்து வந்தவர்களையெல்லாம் விசாரித்தும் ஒருவரும் பார்த்ததாகச் சொல்லவில்லை. கொழுந்தன் கூத்தையா கெட்டவர் இல்லை, காத்திருந்து ஓய்ந்துபோனவர். அவர் மகளுக்கு வந்த வரன்களெல்லாம் தட்டிப்போயின. அண்ணனுக்குத் திதி கொடுக்காமல் நல்ல காரியம் துலங்காது என்று சோசியர் சொல்லிவிட்டார். அண்ணியைக் கெஞ்சிக் கூட்டி வந்திருந்தார்.

கேமரா ஓடிக்கொண்டிருக்க, கூத்தையாவின் உள்ளங்கையில் எள்ளும் தண்ணீரும். புரோகிதர் இறந்தவர் பெயரைக் கேட்டார். கூத்தையாவுக்கு நாக்கு எழவில்லை. பூமயில்தான் சொன்னாள். தாலி ஏறிய நாளிலிருந்து அவள் வாயில் வந்திராத பெயர்.

அந்த நேரம் பார்த்து வேதமுத்துவின் ஹெட்போனில் ஒன்றும் கேட்கவில்லை. பதிவாகவில்லை என்று கையைத் தூக்கிவிட்டார். இயக்குநர், அந்தம்மாவை இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்கள் என்றார். புரோகிதரும் சம்மதித்தார். பூமயில் நேராக வேதமுத்துவிடம் வந்து நின்றாள்.

"நான் சொன்னது இதுல விழுகலையாய்யா?"

"விழுகலம்மா."

"ஒரு எழுத்துக்கூடவா?"

"இல்லம்மா."

பூமயில் கொழுந்தனிடம் திரும்பினாள். "எள்ளைக் கீழ போடுங்க தம்பி. நான் இன்னும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். அவுக இருக்காக."

முந்தானைக்குள் கிடந்த தாலியை எடுத்து வெளியே போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். முகத்தில் அப்படியொரு சந்தோஷம் என்கிறார் வேதமுத்து. அவருக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

4

மத்தியானம் லாட்ஜில் டேப்பை ஓடவிட்டார். பெயர் இருந்தது. கணீரென்று, பக்கத்தில் கத்திய காக்கை உட்பட. கோளாறு ஹெட்போன் ஒயரில்தான்.

முடிவு அ: வேதமுத்து நயினார்கோவிலுக்குப் பஸ் ஏறுகிறார், உண்மையைச் சொல்ல. பூமயில் எழுந்து, வாங்க தம்பி என்று சொம்பில் தண்ணீர் கொண்டுவருகிறாள். அதற்கு மேல் என் கை நகரவில்லை.

முடிவு ஆ: அந்தத் துண்டை அழித்துவிடுகிறார். அப்படியானால் கூத்தையா மகள் கல்யாணம்

முடிவு இ: படம் டிவியில் வருகிறது. ஊரே கூடிப் பார்க்கையில், பூமயில் தன் குரலையே... வேண்டாம். எனக்கே தாங்கவில்லை.

5

அந்தப் பெயரை வேதமுத்து என்னிடம் சொல்லியிருக்கிறார். அதை எழுதாமல் புருஷன், அண்ணன் என்றே இவ்வளவு தூரம் ஒப்பேற்றிவிட்டேன். பூமயில் இன்னும் அதே ஊரில்தான் இருக்கிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் யாராவது படித்துக் காட்டிவிடுவார்கள்.

புரோகிதர் பெயர் கேட்கிறார். இடம் விட்டிருக்கிறேன்.

(                    )

எழுதினால் அந்த மனுஷன் செத்தார். எழுதாவிட்டால் கூத்தையா கையில் எள்ளோடு நின்றுகொண்டே இருப்பார். என்னால் ஆகவில்லை. நீங்கள் பாருங்கள்.