அடுப்படிக்கு வந்த வேர்கள்

1977இல், மழை பொய்த்த மூன்றாம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நவமணியின் சோளச்செடிகளுடைய வேர்கள் கதவிடுக்கு வழியாக அடுப்படிக்குள் நுழைந்து, பானைத் தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பிப் போயின. ஈயச் சுரங்க ஊரான செமோர் பக்கம், ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்ட தோட்டம் அது. வேலை போனவர்கள் ஒவ்வொருவராகச் சுங்காய் தோட்டத்துக்கு மூட்டை கட்டியாயிற்று. தொழிலாளர் குடியிருந்த லயத்தில் மிச்சம் இவள் வீடு ஒன்றுதான். சோளமும் கைவிட்டால் இவளும் கிளம்ப வேண்டியதுதான். அங்கே போய் இன்னொரு கங்காணியின் ஏச்சைக் கேட்க அவளுக்கு மனமில்லை.

தப்பு அவள் கணவன் பிச்சைமுத்துமேல். இருபது வருடம் பால்மரம் சீவிய மனுஷன். மரத்துக்கு ஒரு மங்கு, அதாவது பால் வடியும் கிண்ணம், என்று பழகிய கை. அந்தப் பால் மங்கிலேயே தினமும் காலையில் செடிக்கு ஒரு மங்கு தண்ணீர் ஊற்றி வந்தார். வேர்களும் சோம்பேறியாகி, மேல்மண்ணிலேயே படுத்து மங்குக்குக் காத்துக் கிடந்தன. அந்த ஞாயிறு அவர் தூங்கிவிட்டார். வீடு தேடி வராமல் அவை என்ன செய்யும்?

“ஊட்டி ஊட்டியே கெடுத்துட்டீங்க லா! விடுங்க, தாகம் எடுத்தா அதுவே கீழ எறங்கும்” என்று நவமணி மங்குகளையெல்லாம் தூக்கிக் கூரைமேல் போட்டாள். செடிகள் இலையைச் சுருட்டிக்கொண்டு நான்கு நாள் முறைத்து நின்றன. அவளுக்கும் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் இலைகள் விரிந்தன. வேர் எவ்வளவு ஆழம் போனதென்று யாரும் அளக்கவில்லை. பக்கத்தில் ஈயம் தோண்டிய பழைய குட்டையில் மட்டும் ஒரு சாண் தண்ணீர் குறைந்திருந்தது. கதிர் நன்றாகவே முற்றியது.

இரண்டு வருடம் கழித்துப் பெய்த மழையில் வயலில் ஒன்பது நாள் தண்ணீர் நின்றது. எடுத்து வைத்த விதையில் வந்த புதுச் செடிகளும் ஆழத்துக்கே வேர் விட்டிருந்தன; அந்த வேர்கள் மூச்சு முட்டி அழுகத் தொடங்கின. கீழே போகச் சொன்னவள் நானல்லவா என்று நவமணி அழுதே விட்டாள். துணிமணிகூடப் பெட்டிக்குள் போய்விட்டது. தண்ணீர் நின்ற மூன்றாம் நாள் தண்டின் கணுக்களில் வெள்ளைவெளேரென்று புது வேர்கள் கிளம்பின. தாய்ச்செடி போன வழியை அவையும் மறக்கவில்லை. நேரே அடுப்படிக்கு வந்து மேடையில் ஏறிப் படுத்து மூச்சிரைத்தன.

“தண்ணி வைக்கவா?” என்றார் பிச்சைமுத்து, மங்கும் கையுமாக.

“ஐயோ, அதுக்குக் காத்துதான் லா வேணும். விசிறுங்க!”

அவர் முறத்தால் விசிறினார். அவள் வேர்களைத் தாண்டித் தாண்டிச் சமைத்தாள். பத்தாம் நாள் வெள்ளம் வடிந்தது. வேர்களும் வந்த வழியே மண்ணுக்குத் திரும்பின. அப்பாடா என்று நவமணி பெட்டியைத் திறந்து துணிகளைக் கொடியில் போட்டாள்.

1984இல் சர்க்கார் சார்பில் வீட்டை அளக்க வந்தவர், அடுப்படிக் கதவின் கீழே வரிசையாக இருந்த ஓட்டைகளைப் பார்த்து என்னவென்று கேட்டார்.

“வேரு வந்து போற வழி. அடைச்சிடாதீங்க” என்றாள்.

அவர் அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த அறையை அளக்கப் போனார்.