மேட்டில் சோர்ந்த வண்டி

டர்போ அக்காவின் பட்டறைக்கு அவளுடைய முன்னாள் கணவன் வந்து நின்றபோது, அவள் ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தாள். இடது ஓரம் மட்டும் தேய்ந்த செருப்பைப் பார்த்ததுமே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. இருந்தாலும் கையிலிருந்த போல்ட்டை முடுக்கி முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

இஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ வைத்த வண்டி என்றால் சுற்றுவட்டாரத்து மெக்கானிக்குகள் எல்லாரும் அவளிடம் தள்ளிவிடுவார்கள். அந்தப் பெயர் அப்படி வந்ததுதான். பிரிந்ததிலிருந்து அவன் மட்டும் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. பழைய டீசல் கார் அவனிடம் போயிருந்தது; மகள் அவளிடம். வாரக் கடைசியில் மட்டும் மகள் அப்பாவோடு போய்வருவாள்.

என்ன நடந்தது என்பது அவளுக்கு ஏற்கெனவே தெரியும். மேட்டுச் சாலையில் மகளோடு போகும்போது ஒரு லாரியை முந்தப் பார்த்திருக்கிறான். பாதி முந்திய நிலையில் வண்டி சட்டென்று சோர்ந்துவிட்டது. எவ்வளவு மிதித்தும் வேகம் ஏறவில்லை. எதிரே பஸ். லாரிக்காரர் பிரேக் போட்டு இடம் விட்டதால் தப்பித்தார்கள். மகள் வீட்டுக்கு வந்து அழவெல்லாம் இல்லை. "இனிமே அப்பா வண்டியில ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள்.

"ரெண்டு இடத்துல காட்டிட்டேன்" என்றான் அவன். "ஒருத்தர் டர்போவே போச்சுங்கறார். இன்னொருத்தர் வண்டியில ஒண்ணுமே இல்லைங்கறார். குட்டி போன்ல கூட பிடிகொடுத்துப் பேச மாட்டேங்கறா. வண்டி சரியாயிடுச்சுன்னு நீ... நீங்க சொன்னா நம்புவா."

நீயா நீங்களா என்று அவன் தடுமாறினான். அவளுக்கு அந்தச் சங்கடம் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவனை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டாள். வாடிக்கையாளர்களையும் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

"வண்டிய உள்ள விடுங்க. இஞ்சின் ஆறட்டும்" என்றாள்.

இந்த வண்டி தேறாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வாரக் கடைசிகள் முழுக்க அவளுடையவையாகிவிடும். அந்த நினைப்பு வரத்தான் செய்தது. வந்ததை விரட்டவும் இல்லை, உபசரிக்கவும் இல்லை. கையுறையை மாட்டிக்கொண்டு பானெட்டைத் திறந்தாள்.

முதலில் டர்போவுக்குக் காற்று போகும் குழாயைக் கழற்றி, உள்ளே இருந்த சிறு விசிறியை விரலால் சுற்றிப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு சுற்றியது. ஆட்டிப் பார்த்தால் ஆட்டமும் இல்லை. டர்போ போய்விட்டது என்றவர் அதைத் தொட்டே பார்த்திருக்க மாட்டார். ஏர் ஃபில்டர் சுத்தமாக இருந்தது. டர்போவைக் கட்டுப்படுத்தும் கம்பி, கைப் பம்பு வைத்து இழுத்தால் சரியாக ஏறி இறங்கியது. வண்டியின் கம்ப்யூட்டரில் மட்டும் ஒரு குறை பதிவாகியிருந்தது: இஞ்சினுக்குக் காற்றழுத்தம் போதவில்லை.

"நின்ன இடத்துல இது காட்டிக்கொடுக்காது. அதே மேட்டுக்குப் போகணும். நீங்க ஓட்டுங்க."

வண்டிக் கம்ப்யூட்டரைப் படித்துக்காட்டும் ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையில் இரண்டு கோடுகள். மேலே உள்ளது இஞ்சின் கேட்கும் அழுத்தம், கீழே உள்ளது அதற்குக் கிடைக்கும் அழுத்தம். சமதளத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டு போயின. மேடு தொடங்கியதும் அவன் காலைத் தளர்த்தினான்.

"ஏன் விடறீங்க? மிதிங்க."

"மிதிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"எனக்குத் திரையில தெரியுது. மிதிக்கல."

"இந்த இடத்துக்கு வந்தாலே கால் மடங்கிடுது" என்றான் அவன். கேலி செய்வாள் என்று எதிர்பார்த்தவன் மாதிரி சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பின்னாடி யாரும் இல்ல. எதிர்லயும் இல்ல. நான் பாத்துக்கறேன். முழுசா மிதிங்க."

மிதித்தான். மேல்கோடு விறுவிறுவென ஏறியது. கீழ்க்கோடு கொஞ்ச தூரம் கூடவே போய், பிறகு தொப்பென்று விழுந்தது. முன்பக்கம் எங்கிருந்தோ பாம்பு சீறுவதுபோல ஒரு சத்தம். கண்ணாடியில் கரும்புகை. வண்டி மூச்சு வாங்கி நத்தையானது.

"ஓரமா நிறுத்துங்க" என்றாள். "காத்து எங்கேயோ வெளியே போகுது."

இஞ்சினை அணைத்து மறுபடி போட்டதும், ஒன்றுமே நடக்காததுபோல வண்டி கிளம்பியது. இஞ்சின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் வேகத்தைக் குறைக்கிறது, அணைத்துப் போட்டால் அதை மறந்துவிடுகிறது என்று அவள் விளக்கினாள். திரும்பும் வழியெல்லாம் அவன் தலையாட்டிக்கொண்டே வந்தான். கல்யாண வாழ்க்கையில் அவள் சொன்ன எதற்கும் இவ்வளவு தலையாட்டியதில்லை.

பட்டறையில் காரைத் தூக்கி, டர்போவிலிருந்து காற்றைக் குளிரவைக்கும் பெட்டிக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றினாள். மேலே பார்த்தால் புதுசு மாதிரி இருந்தது. திருப்பி வளைத்ததும் அடிப்பக்கம் வாய் திறந்தது. விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல், சுற்றிலும் எண்ணெய்க் கசிவு. அழுத்தம் இல்லாதபோது உதடு மாதிரி மூடிக்கொள்ளும். முழு அழுத்தம் வந்தால் பிளக்கும்.

"இவ்வளவுதானா?" என்றான் அவன். "இதுக்கா குட்டி..."

"இதுக்குத்தான்."

மறுநாள் புதுக் குழாய் வந்தது. மாட்டிவிட்டு அவளே மேட்டில் இரண்டு முறை ஏறிப் பார்த்தாள். கோடுகள் பிரியவில்லை.

சனிக்கிழமை காலை மகள் பையை மாட்டாமல் வாசலில் நின்று விசாரணையைத் தொடங்கினாள்.

"நீ ஓட்டினியா?"

"ஓட்டினேன்."

"அப்பா ஓட்டினா?"

குழாயைப் பற்றிக் கேட்டிருந்தால் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லியிருப்பாள்.

"தெரியல. நானும் கூட வரேன். பாத்துட்டுச் சொல்லு" என்றாள்.

மூன்று பேரும் கிளம்பினார்கள். அவளும் மகளும் பின்னால். மகள் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியில் நகம் பதிந்தது. மேடு வந்தது. அவன் கண்ணாடியைப் பார்த்தான், கியரை ஒரு படி இறக்கினான், மிதித்தான். சீட்டு முதுகைத் தள்ளும் அளவுக்கு வண்டி இழுத்தது. உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது மகளின் பிடி எப்போது விட்டது என்று அவளுக்கே தெரியவில்லை.

உச்சியில் பஸ் நிறுத்தத்தை ஒட்டி வண்டியை நிறுத்தினான்.

"நீ இங்க இறங்கிக்கறியாம்மா? உனக்குப் பட்டறையில வேலை இருக்கும்ல?" என்றாள் மகள். சொல்லிக்கொண்டே இரண்டு சீட்டுகளுக்கும் நடுவே நுழைந்து முன்னால் போய் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள்.

அவள் இறங்கினாள். அவன் கண்ணாடியை இறக்கி, "ரொம்ப..." என்று ஆரம்பித்தான்.

"அடுத்த வாரம் ஒரு தடவ கொண்டாங்க. குழாயை இறுக்கற கிளாம்பு தளர்ந்திருக்கான்னு பாக்கணும்" என்றாள் அவள்.

வண்டி இறக்கத்தில் போய் மறைந்தது. வெயில் ஏறியிருந்தது. பஸ் வரும்வரை நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்து, நகக்கண்ணில் ஒட்டியிருந்த கறுப்பு எண்ணெயை ஒரு குச்சியால் எடுத்துக்கொண்டிருந்தாள்.