இருபது நாள் பயிற்சி

சிட்டுவின் அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: சோதனை என்று வந்தால் பாஸாக வேண்டும். சலவைக்கடையில் நாள் முழுக்க நின்று இஸ்திரி போடுகிறவளுக்கு யாரும் வேறு எதையும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர்களுக்குப் படிவம் நிரப்பவே நேரம் சரியாக இருந்தது.

ஒன்பது வயதாகியும் சிட்டுவுக்கு எழுத்துக்கூட்ட வராது. நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து சட்டை நுனியைக் கடித்துக்கொண்டிருப்பாள். வகுப்பு டீச்சர் இரண்டு வருடம் நடையாய் நடந்து, வெளியிலிருந்து ஒரு நிபுணரை வரவழைக்க ஏற்பாடு செய்தார். தனிக் கவனிப்பு தேவை என்று அவர் எழுதிக் கொடுத்தால் சிட்டுவுக்குத் தினம் இரண்டு மணி நேரம் தனி டீச்சர் கிடைப்பார்.

"இன்னும் மூணு வாரத்துல வெளியாள் ஒருத்தர் வந்து சோதிக்கப் போறாரும்மா. அன்னிக்குக் காலைல நேரத்துக்குக் கூட்டிட்டு வந்துடுங்க" என்றார் டீச்சர். அவ்வளவுதான் சொன்னார்.

அம்மா நேரே பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். போன வருடம் இதே நிபுணரிடம் மகளைக் காட்டியிருந்த பக்கத்து வீட்டுக்காரி, கட்டைகளை எப்படி அடுக்கச் சொன்னார், எந்தப் படத்துக்குப் பின் எந்தப் படம், எந்த எண்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னார் என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். அப்புறம் இருபது நாள், வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக அம்மா மகளை உட்கார வைத்தாள். தீப்பெட்டிகள் கட்டைகளாயின. கெஞ்சினாள், கொஞ்சினாள், ஒருநாள் முதுகில் ஒன்று வைத்தும்விட்டாள். ஏழு, ரெண்டு, ஒன்பது, நாலு. தூக்கத்தில் கேட்டாலும் சிட்டு சொன்னாள்.

நிபுணர் வந்தார், முக்கால் மணி நேரம் இருந்தார், போனார். மூன்றாவது வாரம் அறிக்கை வந்தது. வயதுக்கேற்ற திறன் உள்ளது, தனிக் கவனிப்பு தேவையில்லை.

"எப்படிம்மா? அவளுக்கு அவ பேரே எழுத வராதே!" என்றார் டீச்சர்.

"வீட்ல நான்தான் டீச்சர் சொல்லிக் குடுத்தேன், எல்லாத்தையும்" என்றாள் அம்மா. அவள் முகத்தில் அப்படியொரு பெருமை.

டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டார். சிட்டுவுக்கு எது வரவில்லை என்று பார்த்துத் தனி டீச்சர் கொடுக்கத்தான் அந்தச் சோதனை என்று பிறகு நிதானமாக விளக்கினார். கேட்கக் கேட்க அம்மாவின் முகம் செத்துப்போனது.

"நீங்களே அவர்கிட்ட சொல்லிடுங்களேன், டீச்சர்."

"எங்க பேச்சு எடுபடாதும்மா. பள்ளிக்கூடத்து ஆளுங்க ஒரு பக்கமாப் பேசுவாங்கன்னுதானே வெளியாளைக் கூப்பிடுறாங்க. மறுபடி சோதிக்க மூணு வருஷம் ஆகும்."

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

டீச்சர் அறிக்கையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

வெளியே தாழ்வாரத்தில் சிட்டு காத்திருந்தாள். "அம்மா, நான் பாஸா?"

தன் கையாலேயே மகளின் கதவைச் சாத்திவிட்டோமே என்று அம்மாவுக்கு ஆறவே இல்லை.

"பாஸ்தான்டி கண்ணு."

சிட்டு கைதட்டிக் குதித்தாள். வழி நெடுக ஏழு, ரெண்டு, ஒன்பது, நாலு என்று பாடிக்கொண்டே வந்தாள். அம்மா வேலை பார்க்கும் சலவைக்கடையைத் தாண்டும்போது நின்று, மேலே இருந்த பெயர்ப்பலகையைக் காட்டினாள்.

"அதுல என்னம்மா எழுதியிருக்கு?"

நேற்றும் அதையேதான் கேட்டிருந்தாள்.